தொப்பையைக் குறைக்கும் வழிகள்: எந்த வயிற்றுக்கு எது சரி?

தொப்பையைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தவர் முன்னால் வழிகள் வரிசைகட்டி நிற்கின்றன: வயிற்றுப் பயிற்சி, வேக நடை, எடைப் பயிற்சி, மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை, நேரம் குறித்துச் சாப்பிடும் விரதம், ஊசி மருந்து, கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை சிகிச்சை. இவற்றில் எது சிறந்தது என்பது, வயிற்றில் சேர்ந்திருப்பது எந்த வகைக் கொழுப்பு என்பதைப் பொறுத்து மாறும். ஒரு வகையைச் சில வாரங்களில் அசைத்துவிடும் வழி, இன்னொரு வகையிடம் மாதக்கணக்கில் போராடும். சில வழிகள் ஒரு வகையைத் தொடவே தொடாது. பலர் உண்மையாக உழைத்தும் ஏமாந்துபோவது இந்த இடத்தில்தான்.

கைக்குள் வரும் கொழுப்பு, வராத கொழுப்பு

வயிற்றுத் தசைக்கு வெளியே, தோலுக்கு அடியில் ஒரு படலம் இருக்கிறது. கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்தால் மடிப்பாகக் கைக்குள் வரும். இதைத் தோலடிக் கொழுப்பு என்கிறோம். தசைச் சுவருக்கு உள்ளே, குடலைச் சுற்றியும் கல்லீரலுக்கு அருகிலும் படிந்திருப்பது உள்ளுறுப்புக் கொழுப்பு. இதைப் பிடித்துப் பார்க்க முடியாது. வயிறு முன்னால் உருண்டு நிற்கிறது, அழுத்தினால் கெட்டியாக இருக்கிறது, ஆனால் பிடித்தால் மெல்லிய மடிப்புதான் வருகிறது என்றால், உள்ளே இருப்பதுதான் அதிகம் என்று கொள்ளலாம். வயிறு தளர்ந்து தொங்கி, உட்காரும்போது மடிப்பு மடிப்பாக விழுந்தால் தோலடிக் கொழுப்பின் பங்கு பெரிது. பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும்.

உடலுக்கு ஆபத்து அதிகம் உள்ளே இருப்பதால்தான். அங்கிருந்து வெளியேறும் கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதி போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரலில் கொழுப்பு படிகிறது, இன்சுலின் சொல்வதை உடல் கேட்பது குறைகிறது, ரத்தத்தில் ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பு ஏறுகிறது. நீரிழிவும் இதய நோயும் தொடங்கும் பாதை இது.

இந்த ஆபத்தான கொழுப்புதான் முதலில் கரைகிறது என்பது நல்ல செய்தி. கொழுப்புச் செல்லின் மேற்பரப்பில் அட்ரினலினை உணரும் இரண்டு வகை ஏற்பிகள் உண்டு. பீட்டா ஏற்பிகள் சேமித்ததை வெளியே விடச் சொல்கின்றன. ஆல்ஃபா-2 ஏற்பிகள் விடாமல் பிடித்துவைக்கின்றன. உள்ளுறுப்புக் கொழுப்பில் பீட்டா ஏற்பிகளின் செயல் வலுவாக இருக்கிறது. கொழுப்பு வெளியேறுவதைத் தடுக்கும் இன்சுலினின் பிடியும் அங்கே தளர்வு. ஆகவே உடல் கொஞ்சம் பட்டினியை உணர்ந்தாலும், கொஞ்சம் ஓடினாலும் அது சீக்கிரம் கரையத் தொடங்குகிறது. தோலடிக் கொழுப்பில், குறிப்பாக ஆண்களுக்கு அடிவயிற்றிலும் விலாப் பக்கத்திலும், பெண்களுக்கு இடுப்பிலும் தொடையிலும், ஆல்ஃபா-2 ஏற்பிகளின் பங்கு அதிகம். பிடிவாதம் என்று நாம் உணர்வது இதைத்தான். பேண்ட் தளர்கிறது, ரத்தப் பரிசோதனை எண்கள் சீராகின்றன, ஆனால் கண்ணாடியில் அடிவயிற்று மடிப்பு அப்படியே நிற்கிறது. அது தோல்வியின் அடையாளம் இல்லை. கரையும் வரிசையே அப்படித்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. உடல் மெலியும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றனவே தவிர, எண்ணிக்கையில் குறைவதில்லை. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் காட்டியபடி, வளர்ந்தவர் உடலில் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதக் கொழுப்புச் செல்கள் இறந்து, அதே அளவு புதிதாக முளைக்கின்றன. எடை குறைந்த பிறகும் அந்த எண்ணிக்கை மாறவில்லை. பழையபடி சாப்பிட்டால் பழைய இடத்திலேயே நிரம்புவதற்குச் செல்கள் காத்திருக்கின்றன.

வயதும் இதில் கை வைக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன் குறைவதால், அதுவரை தொடையிலும் இடுப்பிலும் சேர்ந்துவந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. எடை மாறாமலேயே இடுப்புச் சுற்றளவு கூடும். ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் குறையக் குறைய இதே போக்கு.

முதலில் நாடாவை எடுங்கள்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஓர் அளவு வேண்டும். எடை காட்டும் எந்திரம் மட்டும் போதாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, தோலின் மேல் நேரடியாக நாடாவைச் சுற்றுங்கள். வயிற்றை உள்ளிழுக்காமல், இயல்பாக மூச்சை விட்ட நிலையில் அளவெடுங்கள். தொப்புளை அடையாளமாக வைத்து அளப்பவர்கள் கவனிக்க: வயிறு தொங்கும்போது தொப்புளும் இறங்கிவிடும், அளவு ஏமாற்றும். காலையில், கழிவறை போய்வந்த பிறகு, வெறும் வயிற்றில், வாரம் ஒரு முறை போதும்.

இடுப்புச் சுற்றளவு உயரத்தில் பாதிக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது எளிய வரம்பு. 170 செ.மீ. உயரமானவருக்கு 85 செ.மீ. உலக அளவில் ஆண்களுக்கு 94 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஆபத்து கூடுவதாகக் கொள்கிறார்கள். தெற்காசியர்கள் குறைந்த எடையிலேயே உள்ளுறுப்புக் கொழுப்பைச் சேர்ப்பதால், அந்த ஆண்களுக்கு வரம்பு 90 செ.மீ.

சில வயிறுகளில் பிரச்சினை கொழுப்பே இல்லை. காலையில் தட்டையாகவும் மாலையில் வீங்கியும் இருந்தால் அது பெரும்பாலும் வாயு அல்லது மலச்சிக்கல். பிரசவத்துக்குப் பிறகு நடுவயிறு மட்டும் துருத்தி நின்றால், வயிற்றின் இரு நேர்த்தசைகளும் விலகியிருக்கலாம். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, தலையை மட்டும் லேசாகத் தூக்குங்கள். தொப்புளுக்கு மேலும் கீழும் நடுக்கோட்டில் விரல்களை வைத்துப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்துக்கு மேல் பள்ளம் தெரிந்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுவது நல்லது. அந்த நிலையில், படுத்து எழும் சிட்-அப் போன்ற பயிற்சிகள் நடுவயிற்றை மேலும் பிதுங்கச் செய்யும். வயிறு சில வாரங்களில் வேகமாகப் பெருத்தால், கைகால் மெலிந்து வயிறு மட்டும் ஊதினால், வயிற்றில் அகலமான ஊதா நிறக் கோடுகள் தோன்றினால், உணவுமுறையைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வயிற்றில் நீர் சேர்தல், கட்டி, கார்டிசோல் என்ற ஹார்மோனின் மிகுதி என்று காரணம் வேறாக இருக்கலாம்.

வயிற்றுப் பயிற்சி: எதிர்பார்ப்பு அதிகம், பலன் வேறு இடத்தில்

வலிக்கும் இடத்தில்தான் கொழுப்பு எரிகிறது என்ற நம்பிக்கை வலுவானது. ஆனால் தசைக்கு எரிபொருள் ரத்தத்தின் வழியாக வருகிறது; உடல் முழுவதிலிருந்தும் திரட்டி வருகிறது. 1984இல் வெளியான ஓர் ஆய்வில் 27 நாட்களில் ஆளுக்கு 5,004 சிட்-அப் செய்யவைத்தார்கள். வயிறு, முதுகு, பிட்டம் மூன்று இடங்களிலும் கொழுப்புச் செல்லை எடுத்துப் பார்த்தபோது, சுருக்கம் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. வயிற்றுக்குத் தனிச் சலுகை கிடைக்கவில்லை. 2011இல் 24 பேரை வைத்துச் செய்த 6 வார ஆய்விலும், வயிற்றுப் பயிற்சி செய்த குழுவின் வயிற்றுக் கொழுப்பு குறையவில்லை. வயிற்றுத் தசையின் தாங்குதிறன் மட்டும் கூடியது.

ஆகவே இதை விட்டுவிட வேண்டுமா? வேண்டாம். நடுவுடல் வலுவானால், உட்கார்ந்து எழும் ஸ்குவாட், குனிந்து எடையைத் தூக்கும் டெட்லிஃப்ட் போன்ற பெரிய பயிற்சிகளைப் பத்திரமாகச் செய்யலாம், முதுகுவலியும் குறையலாம். முழங்கையையும் கால்விரல்களையும் ஊன்றி உடலை நேராகத் தாங்கும் பிளாங்க் 30 விநாடி, பக்கவாட்டுப் பிளாங்க் ஒவ்வொரு பக்கமும் 20 விநாடி, மல்லாந்து படுத்து எதிரெதிர் கைகாலை நீட்டும் 'டெட் பக்' 8 முறை, இந்த மூன்றையும் இரண்டு சுற்று, வாரம் மூன்று நாள். அதற்கு மேல் இதற்கு நேரம் ஒதுக்குவது, நடைக்கும் எடைப் பயிற்சிக்கும் போக வேண்டிய நேரத்தைப் பறிப்பது.

உணவு: எந்த முறை என்பதைவிட எவ்வளவு, எத்தனை மாதம்

வயிற்றளவைக் குறைப்பதில் மிகப் பெரிய பங்கு உணவுக்கு. ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. தினமும் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி இறங்கும். முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ இறங்கினால் பூரிக்க வேண்டாம். உடலில் கிளைக்கோஜனாகச் சேமித்த மாவுச்சத்தும் அதோடு ஒட்டிய நீரும் போயிருக்கின்றன. மூன்றாம் வாரம் எடை அசையாமல் நின்றால் துவளவும் வேண்டாம்.

மாவுச்சத்தைக் குறைப்பதா, கொழுப்பைக் குறைப்பதா என்ற சண்டைக்கு 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு ஒரு விடை தந்தது. 609 பேர், 12 மாதம். குறைந்த கொழுப்புக் குழு சராசரியாக 5.3 கிலோவும், குறைந்த மாவுச்சத்துக் குழு 6.0 கிலோவும் இழந்தன. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்த முடியாது. இரண்டு குழுவிலும் சிலர் 20 கிலோவுக்கு மேல் இழந்தார்கள், சிலருக்கு எடை கூடியது. எந்த முறையில் உங்களுக்குப் பசி குறைவோ, அதுதான் உங்களுக்கான முறை. மாவுச்சத்தைக் குறைத்தால் பசி அடங்குகிறது என்பவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நீரிழிவுக்காக இன்சுலினோ சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்கள் மருந்தளவை மாற்றாமல் மாவுச்சத்தை வெட்டினால் சர்க்கரை ஆபத்தாக இறங்கிவிடும். சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை நீரிழிவு மாத்திரை எடுப்பவர்களுக்கு, ரத்தத்தில் கீட்டோன் என்ற அமிலம் ஏறும் அபாயம் உண்டு. இவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கவே கூடாது.

நேர விரதமும் அப்படித்தான். 2022இல் வெளியான சீன ஆய்வில் உடல் பருமன் உள்ள 139 பேரை இரண்டாகப் பிரித்து, இரு குழுவுக்கும் ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாடு கொடுத்தார்கள். ஒரு குழு காலை 8 முதல் மாலை 4 மணிக்குள் மட்டும் சாப்பிட்டது. ஓராண்டு முடிவில் அவர்கள் 8.0 கிலோ, மற்றவர்கள் 6.3 கிலோ இழந்தார்கள்; புள்ளியியல்படி இதை வேறுபாடாகக் கொள்ள முடியாது. வயிற்றுக் கொழுப்பிலும் அதே நிலை. இரவு நேரக் கொறிப்புதான் உங்கள் சிக்கல் என்றால், கடிகாரம் வைத்துச் சாப்பிடுவது அருமையான வேலி. சாப்பிடும் எட்டு மணி நேரத்துக்குள் இழந்ததை எல்லாம் சேர்த்துச் சாப்பிடுகிறவர் என்றால், இந்த முறை உங்களுக்கு ஒன்றும் செய்யாது.

கலோரி ஒன்றாகவே இருந்தாலும் சில பொருள்கள் வயிற்றையே குறிவைக்கின்றன, இதைக் கவனமாகக் கேட்க வேண்டும். 2009இல் ஓர் ஆய்வில் 10 வாரம், மொத்த ஆற்றலில் கால் பங்கை ஒரு குழுவுக்குக் குளுக்கோஸ் கலந்த பானமாகவும், இன்னொரு குழுவுக்கு ஃப்ரக்டோஸ் கலந்த பானமாகவும் கொடுத்தார்கள். இரு குழுவிலும் எடை ஒரே மாதிரி ஏறியது. ஆனால் ஃப்ரக்டோஸ் குழுவில்தான் உள்ளுறுப்புக் கொழுப்பு கூடியது. ஸ்வீடனின் உப்சாலாவில் 2014இல், மெலிந்த இளைஞர்கள் 39 பேருக்கு 7 வாரம் தினமும் கூடுதலாக மஃபின் கொடுத்தார்கள். சிலருக்குப் பாமாயிலில் செய்தது, சிலருக்குச் சூரியகாந்தி எண்ணெயில் செய்தது. இரு குழுவும் சுமார் 1.6 கிலோ ஏறின. பாமாயில் குழுவுக்குக் கல்லீரலிலும் வயிற்றுக்குள்ளும் கொழுப்பு அதிகம் சேர்ந்தது. ஆகவே குறைக்க வேண்டிய முதல் பொருள் இனிப்புப் பானம். 330 மில்லி குளிர்பானத்தில் சுமார் 35 கிராம் சர்க்கரை, 140 கலோரி. பழச்சாறும் பெரிதாக வேறுபடாது. மதுவில் உள்ள ஆல்கஹாலில் கிராமுக்கு 7 கலோரி. உடல் மதுவை முதலில் எரிப்பதால் அதுவரை கொழுப்பு எரிவது ஒதுங்கி நிற்கிறது.

எங்கே தவறுகிறார்கள் என்று பார்த்தால், பெரும்பாலும் அளவில்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி. கணக்கில்லாமல் ஊற்றும்போது இரண்டு மூன்று கரண்டி தெரியாமலேயே போய்விடும். பாதாம், முந்திரி போன்ற பருப்புக்கொட்டை 30 கிராம் சுமார் 170 கலோரி. கையால் அள்ளினால் 60 கிராம் எளிதாக வரும். ஐந்து நாள் தலா 500 கலோரி குறைத்து, வார இறுதி இரண்டு நாளில் தலா 1,200 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டால், அந்த ஐந்து நாளில் குறைத்த 2,500இல் மிஞ்சுவது 100தான். இரண்டு வாரம் மட்டும் ஒரு சமையலறைத் தராசில் நிறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணளவே சரியாக வரும்.

புரதத்தைக் குறைத்துவிடக் கூடாது. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் என்ற கணக்கில், 70 கிலோ எடையுள்ளவருக்கு 84 முதல் 112 கிராம் வரை. ஒரு முட்டையில் 6 கிராம், வேகவைத்த 100 கிராம் பருப்பு வகையில் சுமார் 9 கிராம், சமைத்த 100 கிராம் கோழி நெஞ்சுப் பகுதியில் சுமார் 30 கிராம். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் பருப்பு, பயறு, பால்பொருள், சோயா என்று வேளைக்கு வேளை திட்டமிட்டால்தான் இந்த எண்ணை எட்ட முடியும். சிறுநீரகக் குறைபாடு உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒரேயடியாகப் பட்டினி கிடப்பது மோசமான தேர்வு. வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தொடர்ந்து இறங்கினால் பித்தப்பைக் கல் உருவாகும் வாய்ப்பு ஏறுகிறது; கொழுப்போடு தசையும் போகிறது. தசை போனால் ஓய்வில் எரியும் கலோரியும் குறைகிறது. எடை திரும்பும்போது பெரும்பாலும் கொழுப்பாகத் திரும்புகிறது.

நடையா, எடையா, இடைவெளிப் பயிற்சியா

உள்ளுறுப்புக் கொழுப்புக்கு நடை, ஓட்டம், சைக்கிள், நீச்சல் ஆகியவை எடைப் பயிற்சியைவிட மேலானவை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம் 2011இல் வெளியிட்ட 8 மாத ஆய்வில், உட்கார்ந்த வேலையும் கூடுதல் எடையும் உள்ளவர்களில் மூச்சிரைக்கும் பயிற்சி செய்தவர்களுக்கு உள்ளுறுப்புக் கொழுப்பும் கல்லீரல் கொழுப்பும் இறங்கின. எடைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு வயிற்றின் தோலடிக் கொழுப்பு இறங்கியது; உள்ளே இருந்தது அவ்வளவாக அசையவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். 2000இல் கனடாவில் உடல் பருமன் உள்ள ஆண்களை வைத்து நடந்த 12 வார ஆய்வில், ஒரு குழு உடற்பயிற்சியில் எரித்த அளவைச் சேர்த்துச் சாப்பிட்டு எடையை மாற்றாமல் வைத்திருந்தது. அவர்களுக்கும் உள்ளுறுப்புக் கொழுப்பு குறைந்தது. எந்திரத்தில் எண் அசையாத வாரங்களிலும் நடை வீண்போகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. நாடா சொல்லும், எந்திரம் சொல்லாது.

ஆனால் நடையை மட்டும் நம்பி உணவை விட்டுவிட்டால் கணக்கு உதைக்கும். 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் எரிவது 150 கலோரி அளவில். ஒரு குளிர்பானம் அதைத் தீர்த்துவிடும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்ன அளவு: வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சி, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடும் பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. தொப்பையைக் குறைக்க விரும்புபவர் 150இல் தொடங்கி 250 நிமிடம் நோக்கிப் போவது நல்லது. வேகம் சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

இடைவெளிப் பயிற்சி, அதாவது ஒரு நிமிடம் முழு வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக என்று 8 சுற்று, நேரத்தை மிச்சப்படுத்தும். எரிக்கும் ஆற்றல் சமமாக இருந்தால், கொழுப்பைக் குறைப்பதில் இதற்கும் நீண்ட நடைக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூட்டுவலி, கட்டுப்படாத ரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு இது தொடக்கப் பயிற்சியாகப் பொருந்தாது.

எடைப் பயிற்சிக்கு இதில் என்ன இடம்? உணவைக் குறைக்கும் காலத்தில் தசையைக் காப்பது. எதுவும் தூக்காமல் எடை குறைப்பவர்கள் இழப்பதில் ஏறக்குறைய கால் பங்கு தசை முதலான கொழுப்பல்லாத திசு. வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், நான்கு அசைவுகள் போதும்: உட்கார்ந்து எழுதல், தள்ளுதல், இழுத்தல், இடுப்பில் வளைந்து தூக்குதல். ஒவ்வொன்றிலும் 2 அல்லது 3 சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 முறை. கடைசி இரண்டு முறை சிரமப்பட்டுத்தான் முடிய வேண்டும். எல்லாச் சுற்றிலும் 12 எளிதாக வந்துவிட்டால் எடையைக் கூட்டுங்கள். மாதக்கணக்கில் அதே இரண்டு கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பதால்தான் பலருக்குப் பலன் நின்றுபோகிறது.

தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காதவர்களுக்கு

இதை ஒரு 'வழி' என்றே யாரும் எண்ணுவதில்லை; ஆனால் மற்ற எல்லா வழிகளின் பலனையும் தின்றுவிடக்கூடியது தூக்கக் குறைவு. 2010இல் சிகாகோவில் 10 பேரை, ஒரே அளவு கலோரிக் கட்டுப்பாட்டில், 14 நாள் படுக்கையில் 8.5 மணி நேரமும், இன்னொரு 14 நாள் 5.5 மணி நேரமும் இருக்கச் செய்தார்கள். தூக்கம் குறைந்த காலத்தில் கொழுப்பு இழப்பு 55 சதவீதம் குறைவு. இழந்ததில் தசையின் பங்கு கூடுதல். 2022இல் மேயோ கிளினிக் ஆய்வில், 14 நாள் 4 மணி நேரத் தூக்கத்தில் இருந்தவர்கள், 9 மணி நேரம் தூங்க அனுமதித்த காலத்தோடு ஒப்பிட்டால், நாளுக்கு 300 கலோரிக்கு மேல் கூடுதலாகச் சாப்பிட்டார்கள்; உள்ளுறுப்புக் கொழுப்பின் பரப்பு சுமார் 11 சதவீதம் ஏறியது. அதிகாலை நடைக்காகத் தூக்கத்தை ஐந்து மணி நேரமாகச் சுருக்குகிறவர், நடையை மாலைக்கு மாற்றிவிட்டுத் தூங்குவதே மேல். குறட்டையோடு மூச்சுத்திணறி எழுபவர்கள் தூக்க மூச்சுத்தடைப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

பெல்ட், கிரீம், மாத்திரை, குளிர்விப்பு, உறிஞ்சல்

வியர்வை பெல்ட்டும் பிளாஸ்டிக் உடையும் நீரை மட்டும் இறக்கும். ஒரு குவளை தண்ணீரில் திரும்பிவிடும். கொழுப்பு வியர்வையாகக் கரைந்து போவதில்லை: 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது, மீதி 1.6 கிலோதான் நீராகிறது. 'கொழுப்பைக் கரைக்கும்' மாத்திரைகளில், இதயப் பாதிப்பால் 2010இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமின் கலந்திருந்த நிகழ்வுகள் உண்டு. அவற்றை வாங்கவே வேண்டாம்.

தோலின் மேல் கருவி வைத்துக் கொழுப்பை உறையவைக்கும் குளிர்விப்பு முறை உண்மையில் வேலை செய்கிறது, ஆனால் தோலடிக் கொழுப்பில் மட்டும். அந்த இடத்துப் படலத்தின் தடிமன் சுமார் 20 முதல் 25 சதவீதம் குறையலாம். சிலருக்கு மாறாக அங்கேயே கொழுப்பு கெட்டியாகப் பெருத்துவிடும். அதைச் சரிசெய்ய அறுவையே தேவைப்படும்.

லைபோசக்சன் எனப்படும் கொழுப்பு உறிஞ்சும் அறுவையைப் பற்றிய மிகத் தெளிவான பாடம் 2004இல் கிடைத்தது. உடல் பருமன் உள்ள 15 பெண்களின் வயிற்றிலிருந்து சுமார் 10 கிலோ தோலடிக் கொழுப்பை எடுத்தார்கள். 10 முதல் 12 வாரத்துக்குப் பிறகு இன்சுலின் உணர்திறன், ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் எதிலும் முன்னேற்றம் இல்லை. உள்ளுறுப்புக் கொழுப்பை உறிஞ்சுகுழாய் தொடுவதில்லை, தொடவும் கூடாது. எடையும் இடுப்பளவும் ஏற்கெனவே சரியான வரம்பில் இருந்து, அடிவயிற்றில் ஒரு மடிப்பு மட்டும் போகவில்லை என்பவருக்கு இது அழகுக்கான ஒரு வழி. வயிறு உருண்டு கெட்டியாக இருப்பவருக்குத் தவறான வழி.

ஊசி மருந்தும் அறுவை சிகிச்சையும்

செமாக்ளுடைட் என்ற ஊசி மருந்து பசியையே குறைக்கிறது. 2021இல் வெளியான ஆய்வில் 1,961 பேர் 68 வாரம் வாழ்க்கைமுறை மாற்றத்தோடு வாரம் 2.4 மில்லிகிராம் ஊசியோ மருந்தில்லாத போலி ஊசியோ போட்டார்கள். மருந்துக் குழுவின் எடை சராசரியாக 14.9 சதவீதம், போலி ஊசிக் குழுவின் எடை 2.4 சதவீதம் இறங்கியது. இடுப்புச் சுற்றளவு 13.5 செ.மீ., எதிராக 4.1 செ.மீ. டிர்செபடைட் என்ற இன்னொரு ஊசி மருந்து அதிக அளவில் 72 வாரத்தில் ஏறக்குறைய 21 சதவீத எடையை இறக்கியது. இந்த அளவுக்கு உணவும் நடையும் மட்டும் கொண்டுபோவது அரிது. இதைப் பெருமையோடு மறுப்பதில் பொருளில்லை.

ஆனால் இது நீண்டகால ஒப்பந்தம். செமாக்ளுடைட்டை நிறுத்தியவர்கள் ஓராண்டுக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்பப் பெற்றார்கள். குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் சாதாரணம். பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிதாக வரும். குடும்பத்தில் மெடுல்லரி என்ற அரிய வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களும் கர்ப்பமாகத் திட்டமிடுபவர்களும் எடுக்கக் கூடாது. இறங்கும் எடையில் தசையும் கணிசமாகப் போவதால், ஊசி போடுபவருக்கு எடைப் பயிற்சியும் புரதமும் கூடுதலாக அவசியம். பசியே இல்லாதபோது புரதத்தை நினைவு வைத்துச் சாப்பிடுவதுதான் இங்கே கடினம். இரைப்பை அறுவை சிகிச்சை பொதுவாக உடல் நிறை எண் (கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தது) 35க்கு மேல் உள்ளவர்களுக்கு. நீரிழிவு இருந்தால் அதற்குக் கீழும் பரிசீலிப்பார்கள்.

தேர்வை எப்படிச் செய்வது

இடுப்பளவு உயரத்தில் பாதியைத் தாண்டி, வயிறு கெட்டியாக இருந்தால், நாளுக்கு 300 முதல் 500 கலோரி குறைப்பும், வாரம் 200 நிமிட நடையும், இரண்டு நாள் எடைப் பயிற்சியும் சேர்த்து 12 வாரம் நடத்துங்கள். உங்கள் வயிறுதான் சீக்கிரம் பதில் சொல்லும் வயிறு. நான்கு வாரத்தில் நாடா அசையவே இல்லை என்றால், முறையை மாற்றும் முன் ஒரு வாரம் சாப்பிடுவது எல்லாவற்றையும் தராசில் நிறுத்து எழுதிப் பாருங்கள். எண்ணெயோ, பானமோ, வார இறுதியோ பெரும்பாலும் அகப்படும். அப்படியும் அகப்படாவிட்டால் தைராய்டு, சர்க்கரை, கல்லீரல் பரிசோதனையோடு, எடுத்துவரும் மருந்துகளையும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஸ்டீராய்டு, சில மனநல மருந்துகள், இன்சுலின் ஆகியவை எடையை ஏற்றக்கூடியவை.

உடல் நிறை எண் 30ஐத் தாண்டியிருந்து, அல்லது 27ஐத் தாண்டி நீரிழிவோ ரத்த அழுத்தமோ இருந்து, இரண்டு மூன்று முறை உண்மையாக முயன்றும் எடை திரும்பியிருந்தால், ஊசி மருந்தைப் பற்றி மருத்துவரிடம் பேசத் தயங்க வேண்டாம்.

எடை சரியாக இருக்கிறது, கைகால் மெலிவு, வயிறு மட்டும் தளர்வு என்றால், கலோரியைக் குறைப்பது உங்களுக்கு முதல் வேலையாக இருக்கக் கூடாது. குறைத்தால் மிச்சமிருக்கும் தசையும் போய், வயிறு இன்னும் தளர்வாகத் தெரியும். எடையை அப்படியே வைத்துக்கொண்டு, புரதத்தை உயர்த்தி, வாரம் மூன்று நாள் கனமாகத் தூக்கி, ஆறு மாதம் பொறுத்துப் பாருங்கள்.

இடுப்பளவு வரம்புக்குள் வந்துவிட்டது, பரிசோதனை எண்கள் சீராகிவிட்டன, அடிவயிற்றில் ஒரு மடிப்பு மட்டும் மிச்சம் என்பவர்கள், அதைப் போக்க இன்னும் சில மாதம் வாரத்துக்குக் கால் கிலோ வேகத்தில் தொடரலாம். அதற்கு விலையாகப் பசி, சோர்வு, தூக்கக் கெடுதி, பெண்களுக்கு மாதவிடாய் தவறுதல் வரத் தொடங்கினால், உடல்நலத்துக்காக அந்த மடிப்பை விரட்ட வேண்டிய தேவை இல்லை. கலோரியை எடை மாறாமல் நிற்கும் அளவுக்கு உயர்த்தி, நடையையும் தூக்குதலையும் மட்டும் தொடருங்கள்.